பைதனில் பிறந்த திகதி மாற்றம்: அடையாள அட்டை இலக்கமும் காலை வாரியது

கொழும்பு கோட்டையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, 60 வயதை நெருங்கும் ஊழியர்களின் பட்டியல் வேண்டுமாம். பிறந்த திகதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது, பைதன் நிரல்மொழியில் நாலு வரி. ஆனால் ஆளணிப் பிரிவு அனுப்பிய சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) உயிரை வாங்கிவிட்டது.

பாதி வரிகளில் 25/11/1965, மீதியில் 1965-03-11. அட்டவணைகளைக் கையாளும் பைதன் நூலகமான பாண்டாஸிடம் 'கலந்த வடிவம், நாள் முதலில்' என்று சொன்னேன். ஒரு எரர்கூட இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆண்டு முதலில் வரும் வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஒன்றில்கூட நாள் 12ஐத் தாண்டவில்லை!

மாதம் முதலில் வரும் அமெரிக்க அமைப்பில் இருந்த எக்செலில் யாரோ கோப்பைத் திறந்து, திகதி வடிவத்தை ஆண்டு முதலில் வருமாறு மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். 03/11 என்ற நவம்பர் 3ஐ அது மார்ச் 11 ஆக்கிவிட்டது. 25ஆம் மாதம் கிடையாது என்பதால் 25/11 போன்றவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. பார்க்க ஒழுங்காக இருந்த வரிகள்தான் பிழை. தொலைபேசியில் கேட்டேன். "எங்கட பக்கம் எல்லாம் சரி தம்பி, உங்கட புரோகிராமைப் பாருங்கோ" என்று வைத்துவிட்டார்கள்.

நல்லவேளை, அடையாள அட்டை இலக்கம் கோப்பில் இருந்தது. இலங்கை அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். ஆனால் இரண்டு இலக்க வருடத்தைப் பைதனிடம் அப்படியே கொடுக்காதீர்கள். 69 முதல் 99 வரைதான் அதற்கு 1900கள். 65 என்றால் 2065. ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்களை எல்லாம் இன்னும் பிறக்காதவர்களாக ஆக்கிவிடும். முன்னால் 19 சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் மோசம். நாள் எண்ணிக்கையைத் திகதியாக மாற்றியபோது, மார்ச் முதல் பிறந்த பலருக்கு ஒரு நாள் கூடியது. 308 நவம்பர் 3 ஆக வேண்டும்; பைதன் 4 என்கிறது. காரணம், நம் அடையாள அட்டை எல்லா வருடத்தையும் 366 நாளாகவே கணக்கிடுகிறது, பெப்ரவரி 29 எப்போதும் உண்டு. எனவே எண்ணிக்கையை 2000 போன்ற லீப் வருடத்தோடு சேர்த்து மாதத்தையும் நாளையும் எடுத்துவிட்டு, பிறகு உண்மையான வருடத்தைப் போடவேண்டும். லீப் இல்லாத வருடத்தில் பெப்ரவரி 29 வந்தால் எரர் வரும், வரட்டும். அந்த இலக்கத்தில் ஏதோ பிழை.

இதற்குப் பிறகு பழைய இலக்கக்காரர்கள் எல்லோரும் அச்சொட்டாகப் பொருந்தினார்கள். 2016 முதல் வந்த புதிய 12 இலக்க எண் வைத்திருப்பவர்களைத்தான் சரிபார்க்க முடியவில்லை. அந்த எண்களை எக்செல் 1.96531E+11 என்று சுருக்கிவிட்டது, கடைசி எண்கள் போய்விட்டன. அட்டைப் பிரதிகளைக் கேட்டு வாங்கிக் கையால் அடித்தேன்.

ஆளணிப் பிரிவில் இருப்பவர்களே, சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். எக்செலின் தரவு இறக்குமதி வழியாகப் போய், திகதிக்கும் அடையாள அட்டைக்கும் 'எழுத்து' என்று தெரிவு செய்யுங்கள்.