யமதேராவில் ஒரு சக்கரம் சுற்றினேன்

ஜப்பானின் செண்டாய் நகரிலிருந்து சென்சான் ரயில் லைனில் ஒரு மணி நேரம். ஜூலைக் கடைசி, நம் கணக்கில் ஆடி. ஊருக்குத் திரும்புமுன் ஒரு நாள் மிச்சமிருந்தது. யாரையும் கூப்பிடாமல் கிளம்பிவிட்டேன். சகுனாமி தாண்டியதும் வயல் போய் மலை வந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம். அதைக் கடந்தால் யமகாட்டா மாகாணம், சிறிது தூரத்தில் யமதேரா நிலையம். 1937இல் முழுதாகத் திறந்த மலைப்பாதை இது. புல்லட் ரயிலுக்கு வழிகாட்டிய மாறுதிசை மின்சாரச் சோதனைகளை 1955இல் இந்த ஒற்றைத் தடத்தில்தான் நடத்தினார்களாம்.

யமதேரா என்றால் மலைக்கோவில். அந்தக் கோவிலின் உண்மையான பெயர் ரிஷ்ஷாகுஜி. சீனாவில் ஒன்பது ஆண்டு படித்துத் திரும்பிய என்னின் என்ற துறவி 860இல் நிறுவியது. நான் போனது விளக்குக்காக. அடிவாரத்தில் இருக்கும் கொன்பொன்சூதோ மண்டபத்துக்குள் அணையா விளக்கு ஒன்று எரிகிறது. கல்வெட்டுத் தமிழில் சொன்னால் நந்தா விளக்கு. கியோட்டோ அருகே ஹியே மலையிலுள்ள தாய்க்கோவிலின் சுடரிலிருந்து ஏற்றியது. 1521இல் போரில் இந்தக் கோவில் எரிந்தது. 1543இல் ஹியேயிலிருந்து மறுபடி நெருப்பு கொண்டுவந்தார்கள். 1571இல் ஒடா நொபுநாகா என்ற படைத்தலைவன் ஹியே மலையையே எரித்தான். அங்கே கோவிலை மறுபடி கட்டியபோது சுடர் இங்கிருந்து போனது. கடன் கொடுத்த வீட்டுக்கே கடன். மண்டபத்தின் இருட்டில் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தபோது கைகள் தானாகக் குவிந்தன.

அப்புறம் படிகள். 1,015 என்று கணக்கு. ஏற ஏற ஆசைகள் ஒவ்வொன்றாகக் கழியும் என்பது நம்பிக்கை. எனக்கு முதலில் கழிந்தது மூச்சு. இருபுறமும் தேவதாரு மாதிரி நெட்டை மரங்கள், பாசி பிடித்த பாறை, காதை அடைக்கும் சில்வண்டு. 1689இல் கவிஞர் பாஷோ கேட்டு எழுதியதும் இந்தச் சத்தத்தைத்தான். அவர் அதில் அமைதியைக் கேட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கொடுப்பினை பாதி மலை ஏறிய பிறகுதான் கிடைத்தது.

வழியோரம் மரத்தூண்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் கைக்கெட்டும் உயரத்தில் சின்னச் சக்கரம். இளவயதில் இறந்தவர்களுக்காக வைத்தவை. சக்கரத்தைச் சுற்றி அமிதா புத்தரின் பெயரைச் சொன்னால், அந்த உயிர் சீக்கிரம் மனிதப் பிறவி எடுக்குமாம். முன்னால் போன பாட்டி ஒருவர் ஒன்றைக்கூட விடாமல் சுற்றிக்கொண்டே ஏறினார்.

எனக்கு ராசாத்தி அத்தை நினைவு வந்தது. அப்பாவின் அக்கா. பதினாறு வயதில் காய்ச்சலில் போனவர், நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவர் கன்னி தெய்வம். ஓலைப்பெட்டியில் அவருக்கான பாவாடை தாவணி, வளையல், சாந்து. வருஷா வருஷம் ஆடியில் புதுத்துணி எடுத்துப் படைப்போம். இங்கே எந்தத் தூணில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருவருடைய சக்கரத்தைச் சுற்றி, அத்தைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உச்சியில் ஒகுனோயின் என்ற உட்கோவில். இந்தப் பகுதியில் ‘முகசாரி’ என்றால் கல்யாணம். கல்யாணமாகாமல் இறந்த பிள்ளைக்கு, மணக்கோலத்தில் ஒரு படம் வரைந்து பெற்றோர் கோவிலில் வைக்கிறார்கள். ஜோடியாக உயிரோடிருக்கும் யாரையும் வரையக் கூடாது, கற்பனை முகம்தான். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

இறங்கும் வழியில் கோதைதோ மண்டபத்தின் முகப்பில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கீழே தீப்பெட்டி மாதிரி ரயில் ஒன்று நிலையத்தை விட்டுக் கிளம்பியது. என் ரயில். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. சரி, கீழே போய் ‘தாமா கொன்யாக்கு’ சாப்பிடலாம் என்றால், சோயாவில் வேகும் அந்தக் கிழங்கு உருண்டைகளோடு உலர்ந்த கணவாயும் கொதித்தது. சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நடைமேடையிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைச் சொன்னேன், கல்யாணப் படங்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“படத்துல பொண்ணுக்கு என்ன கலர் உடுத்தியிருந்தாங்க?”

“வெள்ளைப்பா. இங்க கல்யாணப் பொண்ணுக்கு அதுதான்.”

“வெள்ளையா?” என்றார். பிறகு, “சரி, அது அவங்க வழக்கம். அக்காவுக்கு இந்த வருஷம் அரக்குலயே எடுப்போம். நீ வந்ததும் கடைக்குப் போவோம்.”