இரண்டு நூலுக்கு ஒரு மெஷின்

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் என் குயில்ட் போர்வையில், அளவு பிசகிய பன்னிரண்டு கட்டங்களையும் பிரித்து மறுபடி தைத்து முடித்துவிட்டேன். மொத்தம் 60 தையல்கள். பிரிக்க மூன்று மாலைகள் போயின. தைக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. இப்போது ஒவ்வொன்றும் சரியாக 12½ அங்குலம். அளவுகோலை வைத்து வைத்துக் காட்டியதில் வீட்டில் இருப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நடந்தது இதுதான். முப்பது கட்டங்கள் கொண்ட குயில்ட். கட்டத்துக்கு 2½ அங்குலப் பட்டைகள் ஆறு, நடுவே ஐந்து தையல். முதல் பதினெட்டுக் கட்டங்கள் அளவு பிசகாமல் வந்தன. அதற்குள் ஒரு குழந்தைப் போர்வைக்கு மேல்தையல் (அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையல்) போட்டுக் கொடுக்க வேண்டிய அவசரம். என்னிடம் இருந்தது, ஊசி இடவலமாகவும் அசையும் ஒரே ஜிக்ஜாக் மெஷின். அதிலேயே துணியை அழுத்தும் ஃபுட்டை மாற்றி, துணியை நகர்த்தும் பற்களை இறக்கி, தடித்த ஊசி போட்டு, துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷன் வேலையை முடித்தேன். பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் பழையபடி மாட்டி மீதிப் பன்னிரண்டைத் தைத்தேன். வரிசையாக இணைக்கப் போகும்போதுதான் தெரிந்தது, பன்னிரண்டும் 4 மில்லிமீட்டர் குறைவு. ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்றிருந்தால் என் கையைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பன்னிரண்டும் ஒன்றுபோலக் குறைந்திருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தையல் ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழுந்திருக்கிறது. குயில்ட் பருத்தித் துணியில் அது ஏறக்குறைய ஓர் இழை. ஒரு தையல் இரண்டு பட்டைகளிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் 0.8, ஐந்து தையலுக்கு 4. தையலுக்கு ஓரத்தில் விடும் கால் அங்குலம் என்பதே இரண்டு நூல்தான் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கட்டத்துக்கு ஒரு நூலுக்கும் மேல் போய்விட்டது. ஒரு வரிசையில் ஐந்து கட்டங்கள், ஆக 2 சென்டிமீட்டர். இழுத்துப் பிடித்துச் சேர்த்துவிடலாம் என்று ஒரு வரிசையை மட்டும் முயன்றேன். பக்கத்து வரிசை குடைபோல உப்பி நின்றது.

அந்த ஓர் இழையைத் தின்றது ஒட்டுத்தாள். மெஷின் மேடையில் ஏழெட்டு அடுக்காக ஒட்டி, துணி ஓரம் இடித்து நகர்வதற்கு ஒரு சின்னச் சுவர் கட்டியிருந்தேன். ஃப்ரீ மோஷனுக்குத் துணி எல்லாப் பக்கமும் வழுக்க வேண்டுமே, அதனால் உரித்துவிட்டேன். திரும்ப ஒட்டும்போது கண்ணளவில் ஒட்டினேன். சோதனைத் தையலும் போடவில்லை. போன வாரம் வரை சரியாக இருந்த மெஷின்தானே என்ற திமிர்.

எதற்கு உனக்கு இத்தனை மெஷின், ஒரே நேரத்தில் நான்கிலுமா தைப்பாய் என்று கேட்பவர்களுக்கு இனி இந்தப் பன்னிரண்டு கட்டங்களைத்தான் காட்டப் போகிறேன். ஃபுட்டும் தட்டும் மாற்றப் பதினைந்து நிமிடம் போதும். அந்த நேரத்தை யார் பெரிதாக நினைக்கிறார்கள்? கைக்குப் பழகி, அளவுக்கு வந்து நிற்கும் ஒரு நிலை இருக்கிறது. அதைக் கலைத்தால், திரும்பி வந்ததுபோலத் தெரியும், வந்திருக்காது.

ஆகவே கறுப்பு இரும்பு மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. நேர்த் தையல் மட்டும்தான் போடும். பல வருடம் சும்மா கிடந்ததால் எண்ணெய் மஞ்சள் பிசினாக இறுகிச் சக்கரம் அசையவே இல்லை. மண்ணெண்ணெயும் இரண்டு நாள் பொறுமையும் அதைச் சரிசெய்தன. அடிநூல் சுற்றும் பாபின் 15 வகை, என் ஜிக்ஜாக்கில் போடும் அதே பாபின். இதை வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஊசிக்கு வலமிருந்து இடமாக நூல் கோக்க வேண்டும் என்பதை மறந்து முதல் நாள் அரை மணி நேரம் தையலே விழாமல் விழித்ததை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை.

இதன் ஊசித் தட்டில் ஊசி போகிற அளவுக்கு ஒரே ஒரு வட்டத் துளை. ஜிக்ஜாக் தட்டில் இடவலமாக நீண்ட பிளவு இருக்கும்; பட்டையின் முனையை வைத்து முதல் தையல் போட்டதும் ஊசி அதை உள்ளே குத்தி இழுத்துக்கொண்டு போகும். முன்னால் ஒரு துண்டுத் துணியை ஓட்டிவிட்டு அதன் வாலில் பட்டையைத் தொடர்வது எனக்கு மூச்சுவிடுவது போலப் பழகிவிட்டது. கறுப்பு மெஷினில் அந்தத் துண்டும் தேவைப்படவில்லை. முக்கோண முனையைக்கூட விழுங்காமல் தைக்கிறது.

கால் அங்குலத்தை இதில் நிலைநிறுத்தியதைத்தான் சொல்ல வேண்டும். மேடையில் திருகுத் துளை இருக்கிறது. அதில் இரும்பு வழிகாட்டி ஒன்றைத் திருகி வைக்கலாம். கட்டத்தாளில் கால் அங்குலக் கோட்டின் மேல் கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியை இறக்கி, தாளின் விளிம்போடு வழிகாட்டியைச் சேர்த்தேன். அத்தோடு முடியாது என்பது உங்களுக்கே தெரியும். துணி மடங்குகிற இடத்தில் ஓர் இழை தொலையும். அதைச் சேர்த்து ஒரு முடி அளவு குறைத்து வைக்க வேண்டும். வைத்தேன். திருகை இறுக்கினேன். திருகோடு சேர்ந்து வழிகாட்டியும் திரும்பியது!

ஒற்றைத் திருகில் நிற்கிற எதுவும் இப்படித்தான். 1½ அங்குலப் பட்டைகள் மூன்றை இணைத்து, நடுப் பட்டை சரியாக 1 அங்குலம் வருகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையைப் பதினான்கு தடவை செய்தேன். முழு அகலம் 3½ வர வேண்டும். ஒரு தடவை 3 அங்குலம் 3½ நூல், அடுத்த தடவை 3 அங்குலம் 4½ நூல். கட்டையை வைத்துத் தடுத்துப் பார்த்தேன், விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் அது எவ்வளவு திரும்புகிறது என்பதையே அளந்தேன். பாதி இறுக்கத்திலிருந்து முழு இறுக்கத்துக்குப் போவதற்குள் தபால் அட்டை ஒன்றின் தடிமன் நகர்கிறது. எனவே அந்தத் தடிமனுக்குத் தள்ளி வைத்துவிட்டு இறுக்கினேன். தானே நகர்ந்து வந்து சரியான இடத்தில் நின்றது. பதினைந்தாவது சோதனையில் 3½. இஸ்திரி போட்டு அளந்தேன், ஆறிய பிறகு மறுபடி அளந்தேன், 3½. இனி அந்தத் திருகின் பக்கம் திருப்புளியை யாராவது கொண்டுவந்தால் சண்டைதான்.

இப்போது ஜிக்ஜாக் மெஷின் முழுநேர ஃப்ரீ மோஷனுக்குப் போய்விட்டது. அங்கே என் நெடுநாள் எதிரி, வளைவுகளில் அடிப்பக்கம் கண் இமை மயிர்போல நிற்கும் நூல் வளையங்கள். மேலே பார்த்தால் அழகாக இருக்கும். போர்வையைத் திருப்பினால் அழுகை வரும். வளைவில் கை வேகமாகிவிடுகிறது, மெஷின் அதே வேகத்தில் ஓடுகிறது. ஊசியும் கொஞ்சம் வளைகிறது. மேல்நூல் கீழே இழுபட்டுவிடுகிறது. மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நூல் அறுகிறது. பாபின் உட்காரும் கூட்டை, பாபின் கேஸைத் தொடத்தான் வேண்டும். தொடாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே திருகு.

பழைய பழுதுமெஷின் ஒன்று அலமாரியின் அடியில் கிடக்கிறது. மோட்டார் செத்துப்போனது. திருகுகளுக்காகவும் வில்களுக்காகவும் வைத்திருக்கிறேன். (வீட்டில் அதையும் ஒரு மெஷின் என்று எண்ணுகிறார்கள். அநியாயம்.) அதன் பாபின் கேஸை எடுத்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, ஃப்ரீ மோஷனுக்கென ஒதுக்கினேன். தகட்டில் இரண்டு திருகுகள். நடுவில் இருக்கும் பெரியதை மட்டும்தான் திருப்ப வேண்டும், கடிகார முள்ளில் ஐந்து நிமிடம் நகர்கிற அளவு. ஒவ்வொரு தடவையும் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக வெட்டி இழுத்துப் பார்த்தேன். முன்பு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. இப்போது மூன்று விரற்கடை இறங்கிவிட்டு நிற்கிறது. 90 எண் ஊசி. 80-ல் போட்டபோது இறுக்கமான வளைவுகளில் தையல் தாவியது. 100-ல் துணியில் ஓட்டை தெரிந்தது. 90-ல் இமை மயிர் இல்லை. ஆறு கட்டங்களில் மேல்தையல் முடிந்திருக்கிறது. ஆறையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று.

போகிற போக்கில் பாபின்களைப் பற்றி ஒரு புலம்பல். இருபது எண்ணம் கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். 15 வகை என்றுதான் அதன் மேல் எழுதியிருந்தது. ஏழில் விளிம்பு பிசிறாக இருந்தது. மூன்று, கேஸுக்குள் போனால் சுற்ற மறுத்தன. வெர்னியரால் உயரம் அளந்தேன், 11.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு மாதமாக டென்ஷன் டென்ஷன் என்று நான் தேடிய கோளாறில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. இனி உலோக பாபின்கள் மட்டும்தான், அதுவும் ஒன்று வாங்கிப் பார்த்த பிறகு பத்து.

ஓவர்லாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்தை வெட்டிக்கொண்டே சுற்றித் தைக்கும். மற்ற மெஷின்கள் அதைச் செய்யா. கீழ் லூப்பரில் (நூலை வளையமாக்கும் கொக்கியில்) நூல் கோப்பதற்குப் பயந்து, பழைய நூலோடு புதிய நூலை முடிந்து இழுத்தே நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். வெள்ளை நூலுக்கு ஒன்று, கறுப்பு நூலுக்கு ஒன்று என இரண்டு ஓவர்லாக் வைத்திருக்கும் ஒருவரை முன்பு கிண்டல் செய்தேன். இப்போது மரியாதை வந்துவிட்டது.

பிரச்சினை இடம்தான். போர்வை விரித்தால் 60 அங்குல அகலம். பாதியைச் சுருட்டி, ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே உள்ள 16 சென்டிமீட்டருக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. நடுக் கட்டங்கள் இன்னும் பாக்கி, நினைத்தாலே தோள் வலிக்கிறது. நேர்த் தையல் மட்டும் போடும் நீள மேடை மெஷின்கள் இருக்கின்றன; 22 சென்டிமீட்டர் வரை இடம், நிமிடத்துக்கு 1,500 தையல். பழையது ஒன்று கண்ணில் பட்டால் விடுவதாக இல்லை. அதற்கும் முன்னால் மனம் போவது 1933-ல் வந்த சிங்கர் 221 மீது. அலுமினிய உடம்பு, ஏறக்குறைய 5 கிலோ, பெட்டியோடு ஒரு கையில் தூக்கிக்கொண்டு தையல் கூட்டத்துக்குப் போகலாம். என் இரும்பு மெஷினை மேசையிலிருந்து தரைக்கு இறக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் சிங்கருக்கு அதன் சொந்தப் பாபின், என்னிடம் இருக்கும் எதுவும் சேராது. இன்னொரு பெட்டி பாபின் என்று நினைத்ததும் கொஞ்சம் தெளிகிறது.

இதற்கிடையில் ஒரு சட்டை காத்திருக்கிறது. ஓவர்லாக் ஓரம் அடித்தாயிற்று, கறுப்பு மெஷினில் கழுத்துப்பட்டி தைத்தாயிற்று. காஜா எடுக்க ஜிக்ஜாக் வேண்டும். அது ஃப்ரீ மோஷன் நிலையில், பற்கள் இறங்கி, சிவப்புப் புள்ளிக் கேஸோடு நிற்கிறது. இருபத்து நான்கு கட்டங்கள் முடியும்வரை அதைத் தொடப் போவதில்லை. எனவே நான்கு மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆறு காஜாக்களையும் கையால் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முடிந்திருக்கின்றன.