பெருந்தமனி வளைவில் முதலில் கிளைகளை எண்ணுங்கள்

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலேறி வளைந்து கீழிறங்கும் இடம்தான் பெருந்தமனி வளைவு. அதன் சி.டி. ஆஞ்சியோவை (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. படத்தை) திறந்ததும் அடைப்பு எங்கே, வீக்கம் எங்கே என்று தேடத்தான் கை போகும். அதற்கு முன் அரை நிமிடம் ஒதுக்குங்கள். கழுத்தின் அடியிலிருந்து குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் கீழே உருட்டி, வளைவுக்குச் சற்று மேலே நிறுத்தி, மூச்சுக்குழாயைச் சுற்றி எத்தனை தமனிகள் என்று எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும்: வலப்பக்கம் முன்னால் பருமனான இன்னாமினேட் (வலது கரோட்டிட்டும் வலது சப்கிளேவியனும் பிரியும் தண்டு), அடுத்து மூளைக்குப் போகும் இடது கரோட்டிட், அதற்குப் பின்னால் கைக்குப் போகும் இடது சப்கிளேவியன். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இப்படித்தான். மீதிப் பேருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. கதீட்டரோ (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) கத்தியோ உள்ளே போகும்போதுதான் சிக்கல் வரும்.

மிகுதியாகக் காண்பது, இன்னாமினேட்டும் இடது கரோட்டிட்டும் வளைவில் ஒரே வாயிலிருந்து (திறப்பிலிருந்து) கிளம்புவது. சிலருக்கு இடது கரோட்டிட் இன்னாமினேட்டிலிருந்தே பிரியும். இரண்டையும் சேர்த்து ‘போவைன் ஆர்ச்’ (மாட்டு வளைவு) என்று எழுதும் பழக்கம் போக வேண்டும். மாட்டுக்கு வளைவிலிருந்து கிளம்புவது ஒரே ஒரு பெருந்தண்டு. இரண்டு சப்கிளேவியன்களும் இரண்டு கரோட்டிட்களும் அதிலிருந்துதான் பிரிகின்றன. மனிதரில் பார்ப்பது அது இல்லை. பெயர் தவறு என்பதைவிட, அந்தப் பெயரைப் படிப்பவருக்கு இரண்டில் எது என்று தெரியாமல் போவதுதான் எனக்குக் குறை. ‘இடது கரோட்டிட், இன்னாமினேட்டிலிருந்து, வாயிலிருந்து இத்தனை மில்லிமீட்டரில் பிரிகிறது’ என்று ரிப்போர்ட்டில் எழுதினால், அந்தக் கரோட்டிட்டில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துத் தாங்கும் வலைக்குழாய்) வைப்பவர் தொடை வழியா, வலது மணிக்கட்டு வழியா என்று முன்கூட்டியே முடிவெடுப்பார். தொடை வழியாக வந்தால் கதீட்டர் இன்னாமினேட்டுக்குள் ஏறியதும் இடப்பக்கம் கூராகத் திரும்ப வேண்டும்; தாங்கல் கிடைக்காமல் ஏறுபெருந்தமனிக்குள் (இதயத்திலிருந்து மேலேறும் பகுதிக்குள்) நழுவி விழும். அங்கேயே மீண்டும் மீண்டும் துழாவினால் சுவரில் ஒட்டிய கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். வலது மணிக்கட்டு வழியாக வந்தால் அதே திருப்பம் பெரும்பாலும் இலகு.

மூளையின் பின்பகுதிக்குப் போகும் வெர்டிப்ரல் தமனி வழக்கமாக சப்கிளேவியனிலிருந்து பிரியும். இடது வெர்டிப்ரல் நேராக வளைவிலிருந்தே வருவதும் உண்டு. நூறில் மூன்று முதல் ஆறு பேர் வரை. இடது கரோட்டிட்டுக்கும் சப்கிளேவியனுக்கும் நடுவே மெல்லிய நான்காவது கிளையாகத் தெரியும். சப்கிளேவியனுக்குள் தேடி வெர்டிப்ரல் கிடைக்கவில்லை என்றால் உடனே ‘அடைப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். வளைவில் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய ஸ்டென்ட்) வைக்கும்போது இதை விட்டுவிட்டால் விளைவு மோசம். சப்கிளேவியனை மூடப் போகிறோம் என்று கரோட்டிட்டிலிருந்து அதற்கு பைபாஸ் (மாற்றுப்பாதை) போட்டிருப்பார்கள். ஆனால் அந்த பைபாஸ் ரத்தம் தனியாகக் கிளம்பும் இந்த வெர்டிப்ரலுக்குப் போகாது. அதைத் தனியே எடுத்து கரோட்டிட்டில் பொருத்த வேண்டியிருக்கும்.

இனி நூறில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் இருக்கும் ஆர்ட்டீரியா லுசோரியா. கருவில் வலது சப்கிளேவியனின் தொடக்கமாக வேண்டிய வலது நான்காம் வளைவுத் தமனி மறைந்துவிடுவதால் வலது சப்கிளேவியன் வளைவின் கடைசிக் கிளையாக, இடது சப்கிளேவியனுக்கும் அப்பால் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாயின் பின்னால் குறுக்கே ஏறி வலக்கைக்குப் போகிறது. விழுங்க முடியாமல் இறந்த ஒரு பெண்ணின் உடலில் கண்டதை டேவிட் பேஃபோர்டு 1794-ல் வெளியிட்டார். இயற்கையின் விளையாட்டு என்ற பொருளில் வந்த பெயர்தான் லுசோரியா. பெரும்பாலோருக்கு விழுங்குவதில் குறை எதுவும் இருக்காது. தமனி கிளம்பும் இடம் புடைத்திருந்தால் அது கொம்மெரெல் புடைப்பு. அதன் விட்டத்தை அளந்து எழுதுங்கள்.

கேத் லேபில் (கதீட்டர் செலுத்தும் அறையில்) இது தன்னைக் காட்டிக்கொள்வது வலது மணிக்கட்டு வழியில்தான். எத்தனை முறை தள்ளினாலும் கதீட்டருக்கு வழிகாட்டும் வயர் இறங்குபெருந்தமனிக்கே (கீழிறங்கும் பகுதிக்கே) போகும். நோயாளியிடம் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயை இடச்சாய்வுக் கோணத்தில் பாருங்கள். கதீட்டர் வளைவின் கடைக்கோடியில் நுழைந்து ஊக்குபோலத் திரும்பியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும். நுனி பின்நோக்கி வளைந்த சிம்மன்ஸ் போன்ற கதீட்டரால் வயரை ஏறுபெருந்தமனி நோக்கித் திருப்பி, 260 செ.மீ. வயர்மேல் கதீட்டரை மாற்றலாம். அதிலும் வரவில்லை என்றால் இடது மணிக்கட்டுக்கோ தொடைக்கோ மாறிவிடுங்கள். பலம் கொடுத்துத் தள்ளினால் தமனியின் உட்சுவர் கிழியும்.

தைராய்டு அறுவையிலும் இதே தமனியை நினைவில் வையுங்கள். வலது குரல்வளை நரம்பு வழக்கமாக வலது சப்கிளேவியனைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்பும். லுசோரியா இருந்தால், சுற்றுவதற்குத் தமனி அந்த இடத்தில் இல்லாததால், தாய் நரம்பான வேகஸிலிருந்து நேராகக் குறுக்கே குரல்வளைக்குப் போகிறது. மூச்சுக்குழாய் ஓரப் பள்ளத்தில் தேடினால் கிடைக்காது. குறுக்கே போகும் நரம்பைக் கீழ்த் தைராய்டு தமனி என்று நினைத்து நூலால் கட்டி வெட்டிவிட்டால் குரல் போகும்.

இதய அறுவையில் மூளைக்கு ரத்தம் கொடுக்க வலது அக்குள் தமனியில் குழாய் போடும் குழுக்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லுசோரியா இருந்தால் அந்த வழியில் வலது கரோட்டிட் இல்லை. குழாயில் ரத்தம் ஓடும், பம்ப் அழுத்தமும் சரியாகக் காட்டும். ஆனால் மூளைப் பக்கம் போவது வலது வெர்டிப்ரல் வழியாக மட்டுமே.