ஒரே லெட்டர்ல காதலும் கேத்தோடு கதிரும்

ஐன்ஸ்டைன் பத்தி நேஷனல் ஜியாகிரஃபிக் சேனல் 2017ல எடுத்த ஜீனியஸ் சீரிஸை இப்பதான் ரெண்டாவது தடவையா முழுசா பாத்து முடிச்சேன், மொத்தம் பத்து எபிசோட். முதல் தடவை ஐன்ஸ்டைனுக்காக பாத்தேன், இந்த தடவை என்னவோ தெரியல, அவரோட முதல் மனைவி மிலேவா வர்ற சீன் எல்லாத்தையும் நிறுத்தி நிறுத்தி பாத்துட்டு இருந்தேன். சமந்தா காலீன்னு ஒருத்தங்க நடிச்சிருக்காங்க, அந்தப் பொண்ணு வாயைத் திறக்காம ஒரு பார்வை பாக்கும் பாருங்க, அதுக்கே மறுபடி பாக்கலாம்.

இந்த மாதிரி மேதைகளோட சொந்த வாழ்க்கையை டிவியில காட்டினாலே உடனே ஒரு குரல் வரும், "அவர் கண்டுபிடிச்சதைப் பத்தி பேசாம வீட்டுச் சண்டையை எதுக்குய்யா காட்டறீங்க"ன்னு. இந்த சீரிஸ் ஆரம்பமே அப்படித்தான், 1922ல ஜெர்மனி வெளியுறவு மந்திரி ராத்தெனாவை நடுரோட்டுல சுட்டுக் கொல்றாங்க, அடுத்தது ஐன்ஸ்டைன் தன்னோட ரூம்ல செக்ரட்டரியோட நெருக்கமா இருக்காரு. நிறைய பேர் அதுலயே முகம் சுளிச்சிருப்பாங்க. எனக்கு அந்தக் குற்றச்சாட்டுல உடன்பாடு இல்ல, சொந்த வாழ்க்கையைக் காட்டணும், நல்லாவே காட்டணும். என்னோட குறை வேற. டிவியில வீடு தனி, வேலை தனின்னு வெட்டி வெட்டி அடுக்கறாங்க, ஒரு சீன்ல சண்டை, அடுத்த சீன்ல கரும்பலகை, அப்புறம் குழந்தை அழுவுது, அப்புறம் மறுபடி சாக்பீஸ். ஆனா அவரோட லெட்டர்களை எடுத்துப் படிச்சா அப்படி எங்கயும் பிரிஞ்சு இருக்காது, எல்லாம் ஒரே காகிதத்துல ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும்.

ஒரே ஒரு லெட்டர் சொல்றேன். 1901 மே கடைசி. ஐன்ஸ்டைனுக்கு 22 வயசு, நிரந்தர வேலை இல்ல, கல்யாணமும் ஆகல. மிலேவா சுவிட்சர்லாந்துல சூரிச்சில, வயித்துல குழந்தை. அந்த நேரத்துல அவர் அவங்களுக்கு எழுதற லெட்டர் எப்படி ஆரம்பிக்குதுன்னு நினைக்கறீங்க? லெனார்ட்ங்கற இயற்பியலாளர் எழுதின ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் படிச்சேன், புறஊதா ஒளி பட்டு கேத்தோடு கதிர், அதாவது எலக்ட்ரான் கதிர், வர்றதைப் பத்தி, அவ்ளோ அழகு, அந்த சந்தோஷத்துல உனக்கும் கொஞ்சம் குடுத்தே ஆகணும்னு ஆரம்பிக்கறாரு. அதுக்கு அப்புறம்தான் தைரியமா இரு, உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன், எல்லாம் சரி பண்ணிடலாம்னு வருது, அப்புறம் பையன் எப்படி இருக்கான்னு கேக்கறாரு, அவருக்கு பையன்னே முடிவு.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு கோவம் கோவமா வந்துச்சு. ஒரு பொண்ணு எந்த நிலைமையில இருக்கா, இவருக்கு கேத்தோடு கதிர் கேக்குதா? ஆனா திரும்பத் திரும்பப் படிச்சப்ப வேற ஒண்ணும் புரிஞ்சுது. மிலேவாவும் சூரிச் பாலிடெக்னிக்ல 1896ல அவரோடயே சேர்ந்து இயற்பியல் படிச்சவங்க, அந்த பேப்பரோட அழகு புரியும்னு நம்பி அவர் எழுதக்கூடிய ஆள் அவங்கதான். அன்பும் அதுல இருக்கு, சுயநலமும் அதுல இருக்கு, ரெண்டையும் பிரிக்கவே முடியல. ரெண்டு மாசத்துல, அந்த ஜூலையில, கர்ப்பமா இருந்துக்கிட்டே அவங்க டிப்ளமா பரீட்சை எழுதி ரெண்டாவது தடவையா தவறிட்டாங்க. அத்தோட அவங்க படிப்பு முடிஞ்சு போச்சு.

பொறந்தது பொண்ணு, 1902 ஜனவரியில, லீசர்ல்னு பேரு. குழந்தை ஆரோக்கியமா இருக்கா, கண்ணு எப்படி இருக்கு, யாரு ஜாடைன்னு வரிசையா கேட்டு ஐன்ஸ்டைன் எழுதின லெட்டர் இருக்கு. 1903ல அந்தக் குழந்தைக்கு ஸ்கார்லெட் காய்ச்சல்னு ஒரு லெட்டர்ல வருது, அதுக்கு மேல ஒரு தடயமும் இல்ல. இப்படி ஒரு பொண்ணு இருந்தாங்கறதே 1987ல அந்த லெட்டர்கள் அச்சுல வந்தப்பதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது, அப்பாவும் அம்மாவும் செத்து எத்தனையோ வருஷம் கழிச்சு. இந்த மாதிரி இடத்துல டிவிக்காரங்க கற்பனையை ஊத்தி நிரப்பாம அப்படியே வெறுமையா விட்டா போதும், அந்த வெறுமையே மனசை அறுக்கும்.

(அடுத்த சீசன் பிக்காசோ, 2018ல வந்துச்சு, ஆன்டோனியோ பண்டேராஸ். அதுல வர்ற அவரோட காதலி ஃபிரான்ஸ்வா ஜிலோ அது டிவியில ஓடினப்ப உயிரோடவே இருந்தாங்க. தன் வாழ்க்கையை இன்னொருத்தர் நடிச்சுக் காட்டறதை எப்படித்தான் தாங்கறதோ. அதுக்கு அடுத்து வந்த பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் சீசனுக்கு அவங்க குடும்பமே வெளிப்படையா எதிர்ப்பு சொன்னாங்க, அந்த வலி எனக்குப் புரியுது.)

1914 ஜூலையில ஐன்ஸ்டைன் மிலேவாவுக்கு எழுதிக்கொடுத்த நிபந்தனை லிஸ்ட் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. என் துணிமணி ஒழுங்கா இருக்கணும், மூணு வேளை சாப்பாடு என் ரூமுக்கு வரணும், என் மேஜையை நான் மட்டும்தான் தொடணும், பேச்சை நிறுத்துன்னா நிறுத்தணும். பொண்டாட்டிக்கு எழுதினது இது! அந்த மாசக் கடைசியிலயே அவங்க ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு பெர்லினை விட்டுக் கிளம்பிட்டாங்க. அதே மனுஷன்தான் 1915 நவம்பர் 4ஆம் தேதி, ஈர்ப்பை விளக்கற பொதுச் சார்பியல் பத்தின நாலு உரையில முதல் உரையைப் படிச்ச அதே நாள், சூரிச்சில இருக்கற 11 வயசு மூத்த பையன் ஹான்ஸ் ஆல்பர்ட்டுக்கு லெட்டர் எழுதறாரு. நீ பியானோ வாசிக்கறது எனக்கு சந்தோஷம், என் வாழ்க்கையிலயே ரொம்ப அழகான வேலைகள்ல ஒண்ணை இப்பதான் முடிச்சேன், நீ பெரியவனானதும் சொல்றேன்னு. பேப்பர்ல அவ்ளோ பெரிய சமன்பாடு, பக்கத்துலயே பியானோ. இதைத்தான் ஒரே சீன்ல எடுக்கணும்ங்கறேன், கட் பண்ணக்கூடாது.

இப்ப அந்த 1901 லெட்டருக்கு வர்றேன், இது எனக்கு ராத்திரி தூக்கத்தையே கெடுத்த விஷயம். லெனார்டோட அந்த சோதனைகளைத்தான் ஐன்ஸ்டைன் 1905ல ஒளி துகளா இருக்குன்னு வச்சு விளக்கினாரு, ஒளி பட்டு உலோகத்துலருந்து எலக்ட்ரான் தெறிக்கற அந்த விஷயத்துக்குப் பேருதான் ஒளிமின் விளைவு. சீரிஸ்ல வில்லனா வர்ற அதே லெனார்ட்தான், பின்னாடி நாஜிக்கள் பக்கம் நின்னு ஐன்ஸ்டைனை இழிவா பேசின ஆளு. 1921ஆம் வருஷத்து நோபல் பரிசு 1922லதான் அறிவிச்சாங்க, அது ஐன்ஸ்டைனுக்கு கிடைச்சது அந்த ஒளிமின் விளைவுக்குத்தான், சார்பியலுக்கு இல்ல. 1919ல விவாகரத்து ஆனப்பவே, பரிசு வந்தா அந்தப் பணம் மிலேவாவுக்குன்னு ஒப்பந்தம். பரிசு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே! ஆக 1901ல ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு ஆறுதலுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்த அந்த கேத்தோடு கதிர், இருபத்தி ரெண்டு வருஷம் கழிச்சு பணமா அவங்ககிட்டயே வருது.

அந்தப் பணத்துல மிலேவா சூரிச்சில வீடுகள் வாங்கினாங்க. சின்னப் பையன் எடுவர்ட், டாக்டர் ஆகணும்னு படிச்சிட்டு இருந்தவன், இருபது வயசு வாக்குல மனநோய் வந்து படிப்பு நின்னுடுச்சு. அவனோட வைத்தியச் செலவுக்கு ரெண்டு வீட்டை விக்க வேண்டியதாப் போச்சு. 1948ல சாகற வரைக்கும் அவனைப் பாத்துக்கிட்டது அவங்கதான், அப்பா 1933ல அமெரிக்கா போனதோட சரி, மறுபடி பாக்கவே இல்ல.

இந்தக் கதையை இன்னொரு தடவை யாராவது எடுத்தா கடைசி ஷாட்டை ஐன்ஸ்டைன் அமெரிக்காவுல கடைசியா வாழ்ந்த பிரின்ஸ்டன்ல வைக்காதீங்க. சூரிச்சில ஹூட்டன்ஸ்ட்ராஸ 62ஆம் நம்பர் வீட்டுல வைங்க, வயசான ஒரு அம்மா, உள்ள ரூம்ல எடுவர்ட் பியானோ வாசிச்சுட்டு இருக்கான்.