காளையா, சூரியனா?

மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அந்த ஊர்தான், குடும்பப் பெயர் மெக்லவுட். கல்யாணம் மதுரையில் என்று முடிவானதும், சம்பந்தி வீட்டுக்குப் பட்டு, வெள்ளி விளக்கோடு அவர்களுடைய குலச்சின்னம் உள்ள பொருள் ஒன்றையும் கொடுக்க ஆசைப்பட்டேன்.

இணையத்தில் குடும்பப் பெயரைத் தட்டினால் போதும், சின்னம் பதித்த மரப்பலகை அனுப்ப ஏகப்பட்ட கடைகள் இருக்கின்றன. ஒன்றில் ஆர்டர் செய்தேன். மகள் வீட்டுக்கு வந்த பலகையைப் படமெடுத்து அனுப்பினாள். கேடயம், அதன் மேல் காளைத் தலை, ‘ஹோல்டு ஃபாஸ்ட்’ என்ற வாசகம். விடாமல் பிடி என்று அர்த்தம். மதம் பிடித்த காளையைக் குத்துவாளோடு எதிர்கொண்டு கொம்பை ஒடித்த மால்கம் என்ற குலத் தலைவனின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கொம்பு என்று சொல்லப்படுவதை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் உள்ள டன்வேகன் கோட்டையில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் பிறந்தவள் நான். மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம், அதே சின்னத்தோடு ஒரு குவேக்கும் செய்யலாம் என்றாள் மகள். குவேக் என்பது இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஆழமில்லாத கிண்ணம். ஸ்காட்லாந்துக் கல்யாணங்களில் பொண்ணும் மாப்பிள்ளையும் அதில் மாறி மாறிக் குடிப்பார்கள். பலகையை எடுத்துக்கொண்டு உலோகத்தில் செதுக்கும் ஒரு பெரியவரிடம் போனாள். அவர் பார்த்ததும் கேட்டது: “எந்த மெக்லவுட்? டன்வேகனா, லூயிஸா?”

எங்களுக்கு விழிக்கத்தான் தெரிந்தது. அவர் பொறுமையாகச் சொன்னதை மகள் ஃபோனில் ஒப்பித்தாள். ஒரே குடும்பப் பெயர்தான், ஆனால் இரண்டு பெரிய கிளைகள், இரண்டு தலைவர்கள். காளை டன்வேகன் கிளைக்கு. லூயிஸ் கிளைக்குக் கதிர் வீசும் சூரியன். அதன் வாசகம் பழைய ஸ்காட்ஸ் மொழியில் ‘ஐ பிர்ன் குவில் ஐ சீ’, பார்வை இருக்கும்வரை எரிகிறேன்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பெரிய பாடம். கேடயத்தோடு கூடிய முழுச் சின்னம் ஒரு பெயருள்ள எல்லாருக்கும் பொதுச் சொத்தில்லையாம், தனி ஆளுக்குச் சொந்தமாம். எடின்பரோவில் லார்டு லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றம் இருக்கிறது. 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த பதிவேட்டில் யாருக்கு எந்தச் சின்னம் என்று அங்கே எழுதி வைக்கிறார்கள். மற்றவர்கள் அணியக்கூடியது, தலைவரின் தலைக்கவசத்தின் மேலுள்ள உருவத்தை மட்டும், வாசகம் எழுதிய பக்கிள் வார் ஒன்று சுற்றி வளைத்தபடி. அந்த வார்தான் ‘நான் தலைவன் இல்லை, அவரைச் சேர்ந்தவன்’ என்பதற்கு அடையாளம். பலகை விற்ற கடை இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவர் சொத்தை விற்றிருக்கிறார்கள்.

சரி, கிளை எது என்று தெரிய வேண்டுமே. மாப்பிள்ளையிடம் கேட்டால், தாத்தா ஸ்டோர்னவேக்காரர் என்றார். அது லூயிஸ் தீவின் ஊர். காளை எங்களுடையதில்லை!

பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் செய்த குவேக்கின் நடுவில் வார் சுற்றிய சூரியனைச் செதுக்கி, விளிம்பில் இருவர் பெயரையும் தேதியையும் போடச் சொன்னோம். என் மகள் பெயரைத் தமிழில் போடக் கேட்டேன். பெரியவர் எழுத்தைப் பெரிதாக அச்செடுத்து வாங்கி, சுழிகளை முதலில் காகிதத்தில் வரைந்து காட்டி எங்கள் சம்மதம் கேட்ட பிறகே உளியை வைத்தார். மூன்று வாரம் ஆனது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சம்பந்தி கையில் அதைக் கொடுத்தேன். சூரியனைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். “இது என் அப்பாவின் தொப்பியில் இருந்தது” என்றார்.

மறுநாள் பால் பழம் கொடுக்கும்போது வெள்ளிக் கிண்ணத்தைத் தேடினோம். சம்பந்தி அம்மா குவேக்கை நீட்டினார். அதில்தான் பாலை ஊற்றினோம்.