மிக்ஸி சர்வீஸுக்குப் போகுமுன்: வாரண்டி கார்டு முதல் ஜாப் கார்டு வரை

மிக்ஸி வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்கிறோம், ஜார் எத்தனை என்று எண்ணுகிறோம். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மாடலுக்குக் கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் பாகம்), ஜார் புஷ் (பிளேடு தண்டைத் தாங்கும் வளையம்), கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) மூன்றும் நம் ஊரில் கிடைக்குமா? விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி எது என்று பார்க்க நான் நம்பும் உரைகல் அதுதான். ஐந்து வருட வாரண்டி என்று பெட்டியில் அச்சடிப்பது சுலபம். ஆறாவது வருடம் ஒரு புஷ் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களா என்பதில்தான் கம்பெனியின் தரம் தெரியும்.

நம் நாட்டு மிக்ஸி பிறந்ததே இந்தக் குறையில்தான். வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோக, சரிசெய்ய இங்கே வழியில்லாத நிலையில்தான் சத்ய பிரகாஷ் மாத்தூர் 1960களில் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். சென்னையில் 1978-ல் தொடங்கி, 2011-ல் பிலிப்ஸ் கைக்குப் போன ப்ரீத்தி தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இவ்வளவு காலம் நிலைத்ததற்கு, சின்ன ஊர் ரிப்பேர் கடையில்கூட அதன் ஸ்பேர் தொங்குவது பெரிய காரணம் என்பேன். ஜூஸ் கடைகளில் சுஜாதா மிக்ஸி இருப்பதற்கும் காரணம் உண்டு. 900 வாட், 90 நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று கம்பெனியே எழுதித் தருகிறது. வீட்டு மிக்ஸிகளில் பெரும்பாலும் 30 நிமிட ரேட்டிங்தான், அதுவும் ஒரே மூச்சில் அல்ல. 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தும் கணக்கு. பண்டிகை நாளில் உளுந்து மாவை விடாமல் அரைத்து மோட்டாரின் கம்பிச் சுருள் கருகினால், அதை உற்பத்திக் குறை என்று வாதிடுவது கடினம்.

வாரண்டி கார்டில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக இருக்கும். மிக்ஸி முழுமைக்கும் இரண்டு வருடம், மோட்டாருக்கு மட்டும் ஐந்து வருடம் என்பது பரவலாகக் காணும் கணக்கு. தேய்மானப் பாகங்களான கார்பன் பிரஷ், கப்ளர், ரப்பர் வாஷர், பிளேடு, மூடி போன்றவை பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அதனால் மூன்றாம் வருடம் “வாரண்டி இருக்கிறதே, ஏன் காசு?” என்ற சண்டை வருகிறது. கார்டில் கடை முத்திரையும் தேதியும் இல்லாவிட்டால் சண்டைக்கே இடமில்லை. கடையில் தரும் பில் தெர்மல் தாள் என்றால் ஒரு வருடத்துக்குள்ளேயே எழுத்து மங்கத் தொடங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாவும் தண்ணீரும் பட்டு முதலில் அழிவது அந்த ஸ்டிக்கர்தான்.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் உடனே எரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அடியில் ஒரு சின்ன சிவப்புப் பட்டன் இருக்கும், அதுதான் ஓவர்லோடு சுவிட்ச். பிளக்கைப் பிடுங்கி, திருகியைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்துங்கள். பாதிக்குமேல் மாவு நிரப்பியதாலோ, தண்ணீர் போதாமல் தேங்காய் இறுகியதாலோ நின்றிருந்தால் இதோடு சரியாகிவிடும். இந்த சுவிட்ச் அடிக்கடி மிக்ஸியை நிறுத்துகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஜாரில் இருக்கும். ஜாரைக் கவிழ்த்து அடியிலுள்ள கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். முக்கி முக்கிச் சுற்றினால் புஷ் இறுகிவிட்டது, பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஜார் இல்லாமல் முதல் ஸ்பீடில் சில விநாடி ஓட்டும்போது சத்தம் சீராக இருந்தால் மோட்டாரில் கைவைக்கத் தேவையில்லை.

ஜார் புஷ்ஷை அலட்சியப்படுத்துவதால்தான் அதிகம் மோட்டார்கள் போகின்றன. புஷ் தேய்ந்ததும் பிளேடு தண்டைச் சுற்றி நீர் கசியும். ஜாரின் அடியில் பழுப்புக் கறை, சட்னியில் கருப்புக் கோடு, மிக்ஸியின் மேல்தட்டில் ஈரம் என்று அது முன்கூட்டியே தெரிவிக்கும். அப்படியே ஓட்டினால் நீர் கப்ளருக்குக் கீழே இறங்கி, பேரிங்கில் துருவாகி, கடைசியில் சுருளைத் தொடும். சர்வீஸ் சென்டரில் கழற்றியதும் உள்ளே துருவைப் பார்த்தால் “தண்ணீர் புகுந்தது” என்று எழுதுவார்கள், வாரண்டி அங்கேயே முடிந்துவிடும். சில நூறு ரூபாயில் புஷ் மாற்றியிருந்தால் வந்திருக்காத செலவு இது.

மோட்டார் கப்ளரை வீட்டில் கழற்ற முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் மறை எதிர்த்திசையில் இருக்கும். சாதாரண போல்ட் என்று நினைத்துப் பலங்கொண்டு திருகினால் மறை போய்விடும். வாரண்டிக் காலத்தில் அடித்தட்டு ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். வெளியாள் திறந்த அடையாளம் இருந்தால் கேட்காமலே நிராகரிப்பார்கள்.

சர்வீஸுக்கு நான் எல்லா ஜார்களையும் சேர்த்தே கொண்டுபோவேன். மோட்டாரை மட்டும் கொடுத்தால், பழுதான ஜார் வீட்டிலேயே தங்கிவிடும், சரிசெய்த மோட்டார் திரும்பவும் திணறும். அங்கே வாங்க வேண்டியது ஜாப் கார்டு, அதாவது மிக்ஸியைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் எழுதித் தரும் சீட்டு. அதில் சீரியல் நம்பர், கொடுத்த ஜார், மூடிகளின் எண்ணிக்கை, தேதி, புகார் எல்லாம் இருக்க வேண்டும். “ஓடவில்லை” என்று மட்டும் எழுதவிடாதீர்கள். “மூன்றாவது ஸ்பீடில் கருகல் வாடை, இரண்டு நிமிடத்தில் நிற்கிறது” என்றால் மெக்கானிக் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். நல்ல கம்பெனியின் ஆள் உங்கள் எதிரிலேயே கழற்றிக் காட்டுவார், ரசீதில் பாக விலையையும் கூலியையும் பிரித்து எழுதுவார், கழற்றிய பழைய பாகம் வேண்டுமா என்று அவரே கேட்பார்.

வாரண்டிக்குள் சுருள் கருகியிருந்தால் ஆர்மேச்சரையோ (மோட்டாரின் சுழலும் பகுதி) மோட்டாரையோ புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், பழைய மோட்டாரிலேயே புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங்குக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கையால் சுற்றியதில் கம்பியின் கனமும் சுற்று எண்ணிக்கையும் அசலோடு பொருந்தாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பிரஷ் மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக் போன் ஓடிபி கேட்டால், வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகே சொல்லுங்கள். அந்த எண் போனதும் கம்பெனிக் கணக்கில் புகார் தீர்ந்ததாகிவிடும். ஸ்பேர் இல்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால், புகார் எண்ணோடு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

சர்வீஸ் முடிந்து மிக்ஸியைத் திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே ஜாரில் அரை அளவு தண்ணீர் ஊற்றி மூன்று ஸ்பீடிலும் ஓட்டச் சொல்லுங்கள், பிறகு ஜாரை எடுத்து அடியைத் துடைத்துப் பாருங்கள். கை ஈரமானால் புஷ் வேலை முடியவில்லை. புது பிரஷ் போட்டிருந்தால் முதல் சில நாள் உள்ளே லேசான பொறி தெரியும், அது பயப்பட வேண்டியதல்ல. வாரம் கடந்தும் பொறி வளையமாகச் சுற்றினால் அதே ஜாப் கார்டோடு திரும்பப் போங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கியிருந்தால் அங்கே பேச்சு நீளாது.