பனிக்காலத்துச் சாறுகள்

கோபிச்செட்டிபாளையத்தில் குளிர்கிறது என்று நான் சொன்னால், ஊட்டியில் இருக்கும் என் நாத்தனார் சிரிப்பார். அவர் ஊர்ப் புல்வெளியில் உறைபனி படியும் நாட்களில், எங்களுக்கு விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கைவைக்கக் கூசும், அவ்வளவுதான். ஆனாலும் கொடிவேரி அணைக்கட்டில் பிரிந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி நெல் வயல்கள் நிற்கும் இந்தப் பகுதியில், மார்கழியிலும் தையிலும் இறங்கும் பனிக்கு ஓர் ஈரம் உண்டு. அது காதுக்குள் புகுந்து, தொண்டையில் தங்கி, இரண்டாம் நாள் இருமலாக வெளியே வரும். ஆகவே அந்த இரண்டு மாதமும் பொழுது சாய்ந்தால் எங்கள் அடுப்பில் ஏதேனும் ஒரு சாறு கொதித்துக்கொண்டிருக்கும்.

சாறு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது வழக்கம். சூப்பு என்ற சொல்லை நாங்கள் கல்யாண மண்டபங்களில்தான் கற்றுக்கொண்டோம் என்று நினைக்கிறேன். அங்கே வாசலில் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருவது பெரும்பாலும் மக்காச்சோள மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய தக்காளித் தண்ணீர். நாக்கில் வழவழவென்று நிற்கும், தொண்டைக்குள் இறங்கியதும் ஒன்றும் இருக்காது. கெட்டியாக இருந்தால்தான் அதில் சத்து இருக்கிறது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. எங்கள் பக்கத்துச் சாறுகள் தண்ணீராகவே இருக்கும். வேகவைத்த பொருளின் சாரம் முழுவதும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறதா என்பதுதான் அவற்றுக்கு அளவுகோல். மிளகுத்தண்ணீர் என்ற நம் சொல்தான் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் வாயில் ‘மல்லிகடானி’ ஆகி, கறியும் மாவும் ஆப்பிளும் சேர்ந்து, அவர்கள் நாட்டில் கெட்டியான சூப்பாகிவிட்டது. அங்கே போய்க் கெட்டியானது அவர்கள் குளிருக்குப் பொருத்தமாக இருக்கலாம். நமக்கு மிளகும் தண்ணீரும் போதும்.

முதலில் செலவுச் சாறு. மற்ற ஊர்க்காரர்களுக்குச் செலவு என்றால் கையிலிருந்து பணம் போவது. கொங்குப் பகுதியில் குழம்புக்கு வறுத்து அரைக்கும் சாமான்களுக்கும் அதுவே பெயர். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த என் தம்பி மனைவி, “செலவு எடுத்து வை” என்று என் அம்மா சொன்னதைக் கேட்டுப் பணப்பையை எடுத்து வந்தது எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு வரமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், எட்டுப் பத்துப் பல் பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றை நல்லெண்ணெயில் ஒவ்வொன்றாக வதக்கி, சிறு துண்டு விரலி மஞ்சளைத் தட்டிச் சேர்த்து, அம்மியில் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். (2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் எங்களுக்கு வாசலிலேயே கிடைக்கிறது, தூள் பொட்டலத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.) நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, இந்த விழுதைக் கலக்கி, நுரை கட்டி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும்போது இதே செலவுடன் சுக்கு, சித்தரத்தை, கண்டந்திப்பிலி ஆகியவையும் சேரும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சேர்த்தே பொட்டலம் கட்டித் தருவார்கள்.

கல்யாணமான முதல் மார்கழியில், எல்லாவற்றையும் ஒரே வடைசட்டியில் ஒன்றாகக் கொட்டி, அடுப்பைத் தூக்கி எரியவிட்டு வறுத்தேன். வெங்காயம் வதங்குவதற்குள் மிளகும் சீரகமும் கருகிவிட்டன. தெரியாது என்று நினைத்து அரைத்துக் கரைத்துவிட்டேன். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“செலவக் கருக்கிப்போட்டயா கண்ணு?”

“கொஞ்சமாத்தான் அத்தை.”

“கொஞ்சங் கருகுனாலும் சாறு கசந்துக்கும். தீயக் கொறச்சு, ஒண்ணொண்ணா வறுக்கோணும்.”

அவ்வளவுதான் சொன்னார், ஆனால் கசந்த அந்தச் சாற்றை அப்படியே முழுவதும் குடித்தும்விட்டார். சாறு வைப்பதில் பாதி வேலை வறுப்பதில் இருக்கிறது என்பதை அதன் பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு இதை உடம்பு குறைக்கும் மருந்தாக விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது மானாவாரிக் காட்டின் சாதாரணப் பருப்பு. ஐப்பசி மழையின் ஈரத்தில் விதைத்துவிட்டால் அதன் பிறகு பெரிதாக எதுவும் கேட்காமல் வளர்ந்துவிடும். உழவு மாட்டுக்கு வேகவைத்து ஊட்டியதும் அதுதான், வீட்டில் கடைந்து சோற்றில் போட்டதும் அதுதான். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது என்பதால், கறி சமைக்காத நாட்களில் அதன் சாறு எங்களுக்குத் தெம்பாகவே இருக்கும். என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டால், கார்த்திகை முதல் நாளிலிருந்து மலைக்குப் போய் வரும்வரை சமையலறைக்குள் முட்டைகூட வராது; அந்தக் காலம் முழுவதும் கொள்ளின் ஆட்சிதான்.

கொள்ளை முதலில் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, கல் அரித்துக் கழுவி, இரவே ஊறப்போட வேண்டும். அரிக்கும் வேலையைச் சுருக்கினால் சாப்பிடும்போது பல்லில் தெரியும். காலையில் ஒரு டம்ளர் கொள்ளுக்கு ஆறு டம்ளர் தண்ணீர் வைத்து, விரலால் நசுக்கினால் மாவாகிற பதம் வரும்வரை வேகவிட வேண்டும். இந்த நேரத்தில் புளியைச் சேர்க்கவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று புளிக் கரைசலை ஊற்றியே வேகவைத்தேன்; குக்கர் எட்டு விசில் அடித்த பிறகும் கொள்ளு அரிசிக் கல்லைப் போலவே கிடந்தது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழையாது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும் ஒரு குக்கர் கொள்ளை மாட்டுத் தொட்டியில் கொட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

வெந்ததும் தண்ணீரை வேறு போசியில் வடித்துக்கொள்ள வேண்டும். செம்மண் கரைத்ததைப் போன்ற நிறத்தில் இறங்கும் அந்தத் தண்ணீர்தான் சாற்றுக்கு ஆதாரம். ஒரு கைப்பிடி வெந்த கொள்ளை மட்டும் மிளகு, சீரகம், பூண்டுடன் அரைத்து அதில் கலந்து, புளியும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடுகும் வரமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும். மீதக் கொள்ளு வீணாகாது. சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்து மத்தில் கடைந்தால் அன்றைய சோற்றுக்கு அதுவே துணை. ஒரே அடுப்பில் குடிப்பதற்கும் பிசைவதற்கும் ஆகிவிடுகிறது. இந்த ஒரு சாற்றை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்கி வரும் ஊட்டிக் கேரட்டை வேகவைத்து அரைத்து மிளகுத்தூள் தூவியும் குடிக்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் எதுவும் இல்லை. முருங்கைக்கீரைச் சாறும் நல்லதுதான், ஆனால் பனிக்காலத்தில் எங்கள் மரம் இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது.

முடவாட்டுக்கால் தனி வகை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், சாலையோரக் கடைகளில் ஆட்டுக்காலைப் போன்றே மேலெல்லாம் பழுப்பு மயிர் மூடிய கிழங்கை அடுக்கி வைத்திருப்பார்கள். கிழங்கு என்று சொன்னாலும் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணிச் செடியின் தண்டு. மேல்தோலைக் கத்தியால் சீவிவிட்டு, துண்டுகளாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்துடன் இடித்து, கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். மூட்டுவலி பறந்துவிடும் என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். நான் அதைக் குடிப்பது, கறியே போடாத சாற்றில் கறிச்சாற்றின் வாடை எப்படி வருகிறது என்ற வியப்புக்காக. சைவக்காரரான என் பக்கத்து வீட்டு அக்கா முதல் டம்ளரைக் கையில் வாங்கிவிட்டு, “நெசமாலுமே இது செடிதானுங்களா?” என்று மூன்று முறை கேட்டார்.

பட்டிப் பொங்கல் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிஜ ஆட்டுக்கால் வரும். கறிக்கடையில் தீயில் வாட்டித்தான் தருகிறார்கள், ஆனால் அதோடு விட்டுவிட்டால் சாறு முழுவதும் பொசுங்கிய மயிரின் வாடை அடிக்கும். குளம்பு இடுக்கு வரை கத்தியால் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, மூன்று நான்கு தண்ணீரில் கழுவியாக வேண்டும்; எனக்கு இதற்கே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. பிறகு தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் சேர்த்து, எலும்பு மூழ்கி நாலு விரல் மேலே நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விறகடுப்பாக இருந்தால் சிறு தீயில் நான்கு மணி நேரம், குக்கராக இருந்தால் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். கடைசியில் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு, மல்லித்தழை தூவி இறக்கலாம். மிளகாய்த்தூள் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சாற்றைக் குழம்பாக்கிவிடுவதாகத் தோன்றும்.

இந்தச் சாறு சரியாக வந்ததா என்பது சுடச்சுடக் குடிக்கும்போது முழுவதும் தெரியாது. உதட்டில் இலேசாகப் பிசுபிசுத்தால் ஓரளவு தெரியும். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள் விடியலில் போசியைத் திறந்து பார்க்க வேண்டும். தோலிலும் தசைநாரிலும் இருந்த கொலாஜன் நீண்ட வேக்காட்டில் ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் கரைந்திருந்தால், இரவுக் குளிரில் சாறு முழுவதும் உறைந்து, கரண்டியால் தட்டினால் நுங்கைப் போல ஆடும். மாவு ஒரு சிட்டிகைகூடப் போடாமல் அது அப்படி நிற்கும். போன தையில் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைக்காமலேயே உறைந்திருந்ததைப் படம் எடுத்து ஊட்டிக்கு அனுப்பினேன். “அங்கயும் குளிருதாக்கும்!” என்று நாத்தனார் பதில் போட்டிருந்தார், அதைப் படித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் போசியை அடுப்பில் ஏற்றியிருந்தார்.